ஆட்டம் தந்த குதிரை

கோலாலம்பூரின் அம்பாங் ஈலிர் பகுதியில் அரச சிலாங்கூர் போலோ சங்கத்தின் திடல் அமைந்துள்ளது. 1902ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அச்சங்கம் நூறாண்டைக் கடந்து இயங்கி வருகிறது. 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற சீ விளையாட்டுப் போட்டியிலும் போலோ இடம்பெற்றது. குதிரைமீது அமர்ந்து, நீண்ட கோலால் பந்தை அடித்து ஆடும் இவ்விளையாட்டை மலாயாவுக்குக் கொண்டு வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால், இவ்விளையாட்டு இங்கிலாந்தில் பிறந்ததன்று. இந்தியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள மணிப்பூர் மக்களிடமிருந்தே ஆங்கிலேயர் இதனைக் கற்றுக்கொண்டனர்.

இன்று போலோ உலகின் பல நாடுகளில் ஆடப்படுகிறது. அதனைத் தந்த மணிப்பூர்க் குதிரையோ அழியும் நிலையில் உள்ளது. ஆட்டம் செழித்தும் குதிரை அருகியது ஏன்? அக்குதிரையைக் காக்க அம்மக்கள் என்ன செய்கின்றனர்?

மக்களோடு வாழ்ந்த குதிரை

மணிப்பூர்க் குதிரை உருவத்தில் சிறியது. அதன் உயரம் ஏறக்குறைய 110 முதல் 135 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஆயினும், அது உறுதியான கால்களும் மிகுந்த தாங்குதிறனும் உடையது. சட்டெனத் திரும்பி ஓட வல்லது. முற்காலத்தில் மணிப்பூர் மன்னர்களின் குதிரைப்படைக்கு இவ்வினமே வலிமை சேர்த்தது.

போர் இல்லாத காலத்திலும் குதிரைக்கு வேலை இருந்தது. மணிப்பூரின் மெய்தெய் மக்கள் 'சகோல் காங்ஜெய்' என்னும் ஆட்டத்தை ஆடினர். அவர்களின் மொழியில் 'சகோல்' என்றால் குதிரை. 'காங்ஜெய்' என்பது கோல்கொண்டு பந்தை அடித்து ஆடும் ஆட்டம். இவ்வாட்டத்தில் ஓர் அணிக்கு எழுவர் இருப்பர். இலக்குக் கம்பங்கள் இல்லை. மூங்கில் வேரால் செய்யப்பட்ட பந்து எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் புள்ளி கிடைக்கும்.

குதிரை அவர்களது வழிபாட்டிலும் இடம்பெற்றது. 'மார்ஜிங்' என்னும் தெய்வமே குதிரைக்கும் இவ்வாட்டத்திற்கும் காவல் என்பது அவர்களின் நம்பிக்கை. இம்பாலுக்கு அருகிலுள்ள ஹைங்காங் குன்றில் உள்ள மார்ஜிங் கோயிலில் பக்தர்கள் குதிரை உருவங்களைக் காணிக்கையாக வைப்பர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஐயனாருக்கு மண் குதிரை செய்து வைக்கும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது.

உலகம் சுற்றிய ஆட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மணிப்பூரை அடுத்த கச்சார் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அங்குக் குடியிருந்த மணிப்பூர் மக்கள் ஆடிய ஆட்டம், ஜோசப் ஷெரர் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரியைக் கவர்ந்தது. அவரும் தோட்ட முதலாளிகளும் அதனைக் கற்றனர். 1859ஆம் ஆண்டில் சில்சார் நகரில் போலோ கழகம் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஆட்டம் கல்கத்தாவை எட்டியது. பின்னர் இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. எழுவர் ஆடிய ஆட்டம் நால்வர் ஆடும் ஆட்டமாக மாறியது.

முதலில் போலோக் குதிரைகளுக்கு உயர வரம்பு இருந்தது. குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டிய குதிரைகளுக்கு ஆட்டத்தில் இடமில்லை. அந்த வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டு, முதலாம் உலகப் போர்க் காலத்தையொட்டி முற்றாக நீக்கப்பட்டது. அதன்பின், உயரமும் வேகமும் மிக்க குதிரைகளே உலகப் போட்டிகளை நிறைத்தன. சிறிய மணிப்பூர்க் குதிரைக்கு அதன் சொந்த மண்ணைத் தவிர வேறெங்கும் ஆடுகளம் இல்லாமல் போயிற்று.

குறைந்து வரும் எண்ணிக்கை

சொந்த மண்ணிலும் நிலைமை மாறியது. மன்னராட்சியும் குதிரைப்படையும் மறைந்தன. பயணத்திற்குச் சாலைகளும் வாகனங்களும் வந்தன. மணிப்பூர்க் குதிரைகளைப் பெரும்பாலும் லாயத்தில் கட்டி வளர்ப்பதில்லை. ஈரநிலங்களிலும் புல்வெளிகளிலும் அவை தாமாக மேயும். போட்டிக் காலத்தில் உரிமையாளர்கள் அவற்றைப் பிடித்து வருவார்கள். இம்பால் நகரம் வளர வளர, அந்த மேய்ச்சல் நிலங்கள் கட்டடங்களாக மாறின. மேய இடமின்றித் தெருவுக்கு வந்த குதிரைகள் குப்பையில் கிடந்த நெகிழிப் பைகளைத் தின்று நோயுற்றன. சில, வாகனங்களில் அடிபட்டு இறந்தன.

கணக்கெடுப்புகள் இதனைத் தெளிவாகக் காட்டின. 2003ஆம் ஆண்டில் 1,898ஆக இருந்த மணிப்பூர்க் குதிரைகளின் எண்ணிக்கை, 2012ஆம் ஆண்டில் 1,101ஆகக் குறைந்தது. ஒன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 குதிரைகள் குறைந்துவிட்டன. எண்ணிக்கை சுருங்கும்போது மற்றோர் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. நெருங்கிய இரத்த உறவுள்ள குதிரைகளே மீண்டும் மீண்டும் இணைவதால், பிறக்கும் குட்டிகளின் நலம் குன்றக்கூடும். வேற்றினக் குதிரைகளோடு கலந்தால், இவ்வினத்திற்கே உரிய இயல்புகள் மறையக்கூடும்.

காக்க முன்வந்தோர்

இந்நிலையில், குதிரை உரிமையாளர்கள், ஆட்டக்காரர்கள், கால்நடை மருத்துவர்கள், பண்பாட்டு ஆர்வலர்கள் எனப் பலரும் ஒன்றுதிரண்டனர். மணிப்பூர்க் குதிரையேற்ற, போலோ சங்கம் போட்டிகளைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. இம்பால் நகரின் நடுவே உள்ள 'மாப்பால் காங்ஜெய்புங்' என்னும் பழைமையான திடலில் இன்றும் ஆட்டம் நடைபெறுகிறது. அங்கு ஆட வரும் வெளிநாட்டு அணியினரும் மணிப்பூர்க் குதிரைகளின்மீதே ஏறி ஆடுகின்றனர். உலகப் போட்டிகளில் இடமிழந்த குதிரைக்குத் தாயகத்தில் இடம் உறுதிசெய்யும் வழக்கம் இது.

லாம்பெல்பாட் என்னும் ஈரநிலப் பகுதியில், குதிரைகள் மேய்ந்து திரியவும் இனப்பெருக்கம் செய்யவும் ஒரு பூங்கா அமைக்கப்பட்டது. மக்கள் எழுப்பிய குரல் அரசையும் எட்டியது. 2013ஆம் ஆண்டில் மணிப்பூர் மாநில அரசு இக்குதிரையை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. 2016ஆம் ஆண்டில் இதன் பாதுகாப்புக்கும் மேம்பாட்டுக்கும் தனிக் கொள்கை ஒன்றை வகுத்தது.

அதே 2016ஆம் ஆண்டில் மகளிருக்கான போலோப் போட்டியும் இம்பாலில் தொடங்கியது. அமெரிக்கா உட்பட வெளிநாட்டு மகளிர் அணிகள் அதில் பங்கேற்றன. மணிப்பூர்ப் பெண்கள் பலர் கடிவாளத்தைக் கையில் எடுத்தனர். ஆட்டக்காரர் பெருகினால் குதிரைக்கான தேவையும் பெருகும் அல்லவா?

காட்சிப் பொருளா, வாழும் இனமா?

எனினும், இம்முயற்சி எளிதன்று. மணிப்பூர்க் குதிரை வண்டி இழுத்தோ பால் கொடுத்தோ உரிமையாளருக்கு வருமானம் தேடித் தருவதில்லை. தீவனத்திற்கும் மருத்துவத்திற்கும் அவரே செலவு செய்ய வேண்டும். ஆண்டில் சில நாள்களே ஆட்டம் என்றால், எஞ்சிய நாள்களில் அந்தச் சுமையைத் தாங்குவது யார்? பற்று மட்டும் குதிரையின் பசியைத் தீர்க்காது. மேய்ச்சல் நிலமும் மருத்துவ வசதியும் உரிமையாளருக்கு உதவித்தொகையும் இருந்தால்தான் அப்பற்றுக்குப் பயன் உண்டு.

சிலர், குதிரைகளை ஒரு காப்பகத்தில் அடைத்து வளர்த்தால் போதாதா எனக் கேட்கலாம். காப்பகம் உயிரைக் காக்கும். ஆனால், குதிரைக்கும் மனிதருக்கும் இடையிலான உறவைக் காக்காது. குதிரையைப் பழக்கும் முறையும், சேணம் பூட்டும் கைத்திறனும், மூங்கில் வேரில் பந்து செய்யும் நுட்பமும் ஆடுகளத்தோடு பிணைந்தவை. ஆட்டம் நின்றால், இவையும் ஒவ்வொன்றாக மறைந்துவிடும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான உறவைக் காணலாம். சபா மாநிலத்தின் கோத்தா பெலுட் வட்டாரத்தில் வாழும் பஜாவ் மக்கள் குதிரையேற்றத்தில் பெயர் பெற்றவர்கள். விழாக்காலத்தில் வண்ண உடை அணிந்து, அலங்கரித்த குதிரைகளில் அவர்கள் அணிவகுத்து வருவதைக் காணப் பலரும் கூடுவர். அங்கும் குதிரை மக்களின் வாழ்வோடு கலந்திருப்பதால்தான் அதற்கு மதிப்பு நீடிக்கிறது.

ஓர் இனம் அருகும்போது, அதனைச் சார்ந்த மொழிச்சொற்களும் கைத்தொழில்களும் வழிபாடும் விளையாட்டும் சேர்ந்தே தேய்கின்றன. அதனை மீட்கச் சட்டம் துணைநிற்கும், பணமும் உதவும். ஆனால், அவ்வினத்தைத் தங்கள் அன்றாட வாழ்வில் வைத்துக்கொள்ள மக்கள் விரும்புவதே அதற்கு முதல் பாதுகாப்பு. மணிப்பூரின் குதிரைக்காரர்கள் கண்ணும் கருத்துமாகச் செய்து வருவது அந்தப் பணியைத்தான்.

சிந்திக்க

1. போலோ உலகெங்கும் பரவியபோதும் மணிப்பூர்க் குதிரைக்கு வாய்ப்புக் குறைந்தது ஏன்?
2. "காப்பகம் உயிரைக் காக்கும், ஆனால், குதிரைக்கும் மனிதருக்கும் இடையிலான உறவைக் காக்காது." இக்கருத்தை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் விளக்குக.
3. உன் வட்டாரத்தில் அருகி வரும் ஒரு விளையாட்டையோ கைத்தொழிலையோ தேர்ந்தெடுத்து, அதனைக் காக்க யார் யார் என்ன செய்யலாம் என்பதைக் குழுவில் கலந்துரையாடுக.