ஈயின் தற்காப்பும் காசநோய்த் தடுப்பூசியும்



காசநோய் வார்டில் நோயாளிகளைச் சந்திக்கையில் அடிக்கடி நம்மிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: "ஐயா, என் பிள்ளைகளுக்கு இது வராதபடி ஊசி கிடையாதா?"

பி.சி.ஜி. ஊசி 1921 முதல் உண்டு. அது குழந்தைகளைக் கொடிய வகைக் காசநோயிலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரலைக் காப்பதில் குறைவுபடுகிறது என்பதைச் செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வு காட்டிற்று. ஆகவே புதிய தடுப்பூசியைத் தேடிவருகிறார்கள். அந்தத் தேடலில் ஓர் ஈயும் பங்கு பெற்றதை இம்முறை படிப்போம்.

கிருமியின் ஒரு பகுதியை மட்டும் ஊசியில் செலுத்தினால், உடல் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். உடலை விழிக்கச் செய்ய ஒரு துணைப்பொருள் சேர்ப்பார்கள். அதற்கு அட்ஜுவன்ட் என்று பெயர். முத்தடுப்பு ஊசியில் அலுமினிய உப்பு இந்த வேலையைச் செய்கிறது. அது இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களை நன்றாக உண்டாக்கும். காசநோய்க் கிருமியோ நம் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. அதை எதிர்க்க வெள்ளை அணுக்களையே எழுப்பவேண்டும்.

அழுகிய மாமிசத்தில் வளரும் ஈப்புழு, கிருமிகளின் நடுவே பிழைப்பது எப்படி? அதன் உடல் கிருமிகொல்லும் சிறு புரதத் துணுக்குகளைச் சுரக்கிறது. இவையே பெப்டைடுகள். ஜப்பானில் ஷுன்ஜி நட்டோரியின் குழுவினர் மாமிச ஈயில் கண்ட சாபெசின்-பி அத்தகையது. அதன் ஒரு பகுதியை மாதிரியாக வைத்து, 11 அமினோ அமிலங்களே கொண்ட கே.எல்.கே. என்னும் பெப்டைடைச் செய்தார்கள். பின்பு வியன்னாவில் அதைத் தடுப்பூசியோடு சேர்த்துச் சுண்டெலிகளில் சோதித்தார்கள். தனியே கொடுத்தபோது அதுவும் பெரும்பாலும் எதிர்ப்புப் புரதங்களையே எழுப்பிற்று. செயற்கை டி.என்.ஏ. துண்டு ஒன்றைக் கூட்டியபோது வெள்ளை அணுக்களும் எழும்பின. இக்கூட்டுக்கு ஐ.சி.31 என்று பெயரிட்டார்கள்.

இது மனிதரிலும் சோதிக்கப்பட்டது. தென் ஆப்பிரிக்காவில் 990 வளரிளம் பருவத்தினர் பங்குபெற்ற ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. ஐ.சி.31 சேர்ந்த எச்4 தடுப்பூசி, காசநோய்த் தொற்று உடலில் நிலைத்துவிடுவதை 30.5 சதவீதம் குறைத்ததாகக் கணக்கு வந்தது. ஆனால் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதால் வெற்றி என்று அறிவிக்கப்படவில்லை. ஊசி பாதுகாப்பானதாக இருந்தது. காக்கும் என்பதுதான் நிரூபணமாகவில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஆய்வுக்கூடத்து நற்செய்தி படுக்கையண்டை வந்துசேர அநேக ஆண்டுகள் செல்லும். சில வேளை வராமலும் போகும். ஆகவே, "ஈயிலிருந்து மருந்து வந்துவிட்டது" என்று ஒருவருக்கும் வாக்குக் கொடாதிருப்போம். அந்தத் தகப்பனுக்கு இன்று நாம் சொல்லக்கூடியது இதுவே: உம்முடைய மாத்திரைகளை மருத்துவர் குறித்த காலம் முழுவதும் விடாமல் சாப்பிடும்; பிள்ளைகளைப் பரிசோதனைக்கு அழைத்து வாரும். அவர்களுக்கு நோய் வராமல் தடுக்கும் மாத்திரைகள் இப்போதே உண்டு.