பொது முற்றத்தில் காய்கறித் தோட்டம்

நெசவாளர் குடியிருப்பின் பொது முற்றத்தில் தோட்டம் போட விரும்பும் அங்கத்தினர்கள், மண்வெட்டியை எடுக்குமுன் பாவு நீட்டும் இடத்தை அளந்து ஒதுக்கிவிட வேண்டும். கஞ்சி போட்ட பாவை உலர்த்தும் அந்த நீண்ட வெளியில் ஒரு செடியும் கூடாது. தொழிலுக்கு இடையூறான தோட்டம் ஓராண்டும் நிலைக்காது.

எஞ்சிய இடத்தில் முருங்கையையும் அகத்தியையும் வட ஓரத்தில் வைப்போம். ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து செல்வதால், அவற்றின் நிழல் கீரைப் பாத்திகளில் விழாது. ஆனால் முருங்கை சுவரையொட்டி வேண்டாம். கிளை எளிதில் முறியும், கம்பளிப் புழுவும் வீட்டினுள் ஏறும். குளித்த நீர் ஓடும் வாய்க்காலருகே வாழை நன்கு வளரும். சாயத் தொட்டி நீரையோ எந்தச் செடிக்கும் விடலாகாது; அதிலுள்ள உப்பும் காரமும் மண்ணையே கெடுத்துவிடும். ஆடியில் ஊன்றிய அவரை மார்கழி, தை மாதங்களில் காய்க்கும்.

சச்சரவு பெரும்பாலும் பங்கீட்டில்தான் பிறக்கிறது. ஆகவே கீரைப் பாத்தியை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வோம். மரத்துக் காய்களைப் பொதுவில் வைத்து, நீர் ஊற்றும் முறை எவருடையதோ அவரே அன்று பறித்துப் பங்கிடட்டும். தீபாவளிக்கு முன் தறி ஓயாத வாரங்களில் முறை தவறுவோர், பண்டிகை கழிந்ததும் அத்தனை நாட்களையும் ஈடு செய்தால் போதும்.