குறி தவறுகிறவனுக்கு ஆடுகளத்தில் இடம் உண்டா?



கூடைப்பந்து ஆடும் பள்ளியில் படிப்பவரானால் இந்தக் குரலை நீங்கள் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். பந்து ஒருவன் கைக்கு வருகிறது. அவனைக் காக்க வேண்டிய எதிரணிக்காரன் நாலு எட்டு பின்வாங்கி நிற்கிறான். ஓரத்திலிருந்து அவர்களுடைய பயிற்சியாளர் கத்துகிறார்: "விடு, அவன் போடட்டும்!"

என் கல்லூரி நாட்களில் அந்த 'அவன்' நான்தான். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை என்னிடம் ஒப்படைத்தால் அன்று அவர் பாடு திண்டாட்டம். ஆனால் பதினைந்து அடிக்கு அப்பாலிருந்து நான் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தால், விடுதியில் ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு. கடைசி ஆண்டு அணிப் பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம் கேட்டேன். "நன்றாகத் தடுக்கிறாய், சரி. ஆனால் உன்னை வைத்துக்கொண்டால் நாம் நாலு பேராக அல்லவா ஆட வேண்டியிருக்கிறது!" என்றார்கள். அந்தச் சொல் நியாயமா என்பதை இயற்பியல் சொல்லிக்கொடுக்க வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், தொலைவிலிருந்து எறிவது ஏன் இவ்வளவு கடினம்? வளையத்தின் உள்விட்டம் ஏறத்தாழ 45 செ.மீ. பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. பந்து நடுவாக இறங்கினால் இருபுறமும் பத்தரை செ.மீ. இடைவெளி இருக்கும். இனி உங்கள் கை ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் தவறியது எனக் கொள்வோம். ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து வளையத்தின் மையம் சுமார் 4.2 மீட்டர் தொலைவில் உள்ளது. இதை 1 பாகையின் டேன்ஜென்டான 0.0175-ஆல் பெருக்குங்கள்; 7.3 செ.மீ. விலகல். பந்து விழுந்துவிடும். பள்ளி ஆட்டங்களில் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து அதே ஒரு பாகைப் பிழை 11.8 செ.மீ. ஆகிவிடுகிறது. பந்து வளையத்தின் விளிம்பில் இடிக்கும். பிழை அதேதான், தொலைவு அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அடுத்து, எறிதலின் மதிப்பு. ஓர் அணி பந்தைக் கையில் பெற்றது முதல் அதை இழப்பது வரை ஒரு 'வாய்ப்பு' என்போம். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறைப் போட்டிகளில் 2014-15 பருவத்தில் அணிகள் 100 வாய்ப்புகளுக்கு ஏறத்தாழ 105 புள்ளிகள் எடுத்தன. அதாவது ஒரு வாய்ப்பின் விலை 1.05 புள்ளி. நூற்றுக்கு 35 தடவை குறி தவறாத ஒருவர் மூன்று புள்ளி எறிந்தால் சராசரி 3 × 0.35 = 1.05. அவரை விட்டுவிட முடியாது. நூற்றுக்கு 28 என்றால் 0.84 தான். அவர் எறிய எறிய எதிரணிக்கு இலாபம்!

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அது கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஐந்து பேரும் தொலைவிலிருந்து எறியவல்லவர்கள் என்றால், தடுக்கும் அணி வளையத்தைச் சுற்றி 7 மீட்டர் ஆரம் உள்ள அரைவட்டத்தைக் காக்க வேண்டும். அதன் பரப்பு ஏறத்தாழ 77 சதுர மீட்டர். ஐவரும் எறியத் தெரியாதவர்கள் என்றால் 5 மீட்டர் ஆரமே போதும், பரப்பு 39. ஆரம் இரண்டு மீட்டர் குறைந்ததும் பரப்பு பாதியாகிறது, ஏனெனில் பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது. ஒருவர் மட்டும் குறி தவறுபவரானால் பரப்பு இப்படிப் பாதியாகிவிடாது. ஆனால் அவரைக் காக்க வேண்டிய ஆள், அவரை விட்டுவிட்டு வளையத்தடியில் வந்து நிற்பார். அங்கே புகுந்து எறியப் பார்க்கும் மற்ற நாலு பேருக்கும் ஐந்தாவது தடையாக ஆவார். "நாலு பேராக ஆட வேண்டியிருக்கிறது" என்றது வெறும் ஏச்சு அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு 2015-ஆம் ஆண்டு மே மாதம் கிடைத்தது. மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணியும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியும் மோதிய தொடரில், மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது மெம்பிஸ் 2-1 என முந்தியிருந்தது. அதற்குப் பெரிய காரணம் டோனி ஆலன். அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் ஐவரில் ஒருவர். ஆனால் மூன்று புள்ளி எறிதலில் அவருடைய ஆயுள் சராசரி நூற்றுக்கு 28. நாலாவது ஆட்டத்தில் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் ஒரு தந்திரம் செய்தார். ஏழடி உயர ஆண்ட்ரூ போகட்டை ஆலனுக்குக் காவல் என்று நியமித்தார். போகட்டோ ஆலன் பக்கமே போகவில்லை, வளையத்தடியிலேயே நின்றுகொண்டார். ஆலன் வெளியே தன்னந்தனியாக நின்றார். பந்து வந்தது, எறிந்தார், தவறியது. மெம்பிஸ் பயிற்சியாளர் அவரை உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டையும் வென்று வாரியர்ஸ் தொடரைக் கைப்பற்றியது. ஆலனுக்குத் தொடை தசைக் காயமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனாலும் தந்திரம் தந்திரம்தான்.

அப்படியானால் குறி தவறுபவன் பையை மூட்டை கட்டிக்கொண்டு வீடு போக வேண்டியதுதானா? பொறுங்கள். பாஸ்டன் அணியின் பில் ரஸல் 13 பருவங்களில் 11 முறை வாகை சூடியவர். ஃப்ரீ த்ரோவில்கூட அவர் சராசரி நூற்றுக்கு 56 தான். ஆனால் அவர் 1969-இல் ஓய்வு பெற்றுவிட்டார், என்.பி.ஏ.வில் மூன்று புள்ளிக் கோடு 1979-80 பருவத்தில்தான் வந்தது. தொலைவிலிருந்து எறிந்தால் கூடுதல் மதிப்பு இல்லாத காலம் அது. ஆகவே அவரை நமக்குச் சான்றாகக் காட்டுவது அவ்வளவு பொருத்தமில்லை.

டென்னிஸ் ராட்மனைப் பாருங்கள். ஆட்டத்துக்குச் சராசரி 7.3 புள்ளிகள் மட்டுமே எடுத்தவர். ஐந்து முறை வாகை சூடிய அணிகளில் இருந்தார். தவறிய பந்து எகிறி வரும்போது அதைப் பிடிப்பதை ரீபவுண்டு என்கிறோம் அல்லவா? அதில் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் அவரே முதலிடம். இங்கே ஒரு விதியையும் கவனிக்க வேண்டும். அன்றைய என்.பி.ஏ.வில், ஆளை விட்டுவிட்டு வெறும் இடத்தைக் காத்து நிற்பது தடை செய்யப்பட்டிருந்தது. 2001-02 பருவத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. ராட்மனுக்கு விதி கொஞ்சம் குடை பிடித்தது என்று சொல்லலாம். உங்கள் பள்ளி ஆட்டத்தில் அந்தக் குடை கிடையாது. அங்கே எதிரணி எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஆனால் விதி மட்டுமே காரணம் அல்ல. ராட்மன் எடுத்த ரீபவுண்டுகளில் ஆட்டத்துக்கு 4.8 அவருடைய சொந்த அணியினர் தவறவிட்ட பந்துகள். ஒவ்வொன்றும் அணிக்குப் புதிதாய்க் கிடைத்த ஒரு முயற்சி. ஒவ்வொன்றின் விலையும் ஏறத்தாழ ஒரு புள்ளி. அவர் எறியவில்லை, மற்றவர்கள் இன்னொரு தடவை எறிய வழி செய்தார். அவரை விட்டு நகர்ந்தால் தடுக்க ஆளில்லாமல் வளையத்தடிக்கு ஓடி வந்துவிடுவார். ஆகவே அவரை விடுவதற்கும் ஒரு விலை இருந்தது. என் கணக்கு வந்து நிற்கும் இடம் இதுதான். "இவனுக்கு எறியத் தெரியுமா?" என்று கேட்பது பாதிக் கேள்வி. "இவனை விட்டுவிட்டால் எதிரணிக்கு என்ன நட்டம்?" என்பதே முழுக் கேள்வி.

டெட்ராய்ட் அணியின் பென் வாலஸ் நான்கு முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனவர். 2004-இல் வாகையும் சூடினார். ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 41 தான்! அவரால் முடிந்ததற்கு ஒரு காரணம், அவர் இடமே வளையத்தடி. அவரைக் காப்பவரும் அங்கேதான் நின்றாக வேண்டும். வெளியே காலியாகக் கிடக்கும் ஆள் யாரும் இல்லை. ஆக, இந்தச் சிக்கல் முக்கியமாக வெளிவட்டத்தில் ஆடும் உயரம் குறைந்தவர்களுக்குத்தான். ஆலனுக்கு, எனக்கு, ஒருவேளை உங்களுக்கும்.

அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அதைக் காட்டியவர் டிரேமண்ட் கிரீன்; வேடிக்கை என்னவென்றால், அவரும் அதே ஸ்டீவ் கெரின் அணிக்காரர். கிரீனின் மூன்று புள்ளிச் சராசரி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எதிரணி அவரை விட்டுப் பின்வாங்கும். அவர் அங்கே நிற்பதில்லை. பந்தோடு நேரே ஸ்டெஃபன் கரியை நோக்கி ஓடுவார். பந்தை அவர் கையில் வைத்துவிட்டு, கரியைத் துரத்தி வருபவரின் வழியில் சுவர்போல் நிற்பார். இதுவே ஸ்கிரீன். துரத்துபவர் சுவரில் தடைபட்ட நொடியில் கரியை மறிக்க வேண்டியவர் யார்? கிரீனைக் காக்க வேண்டியவர். அவரோ நாலைந்து மீட்டர் பின்னால் நிற்கிறார்! பின்வாங்கி மிச்சம் பிடித்த இடமே இப்போது எதிரணிக்கு எமனாகிறது. 2017-இல் கிரீன் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். நான்கு முறை வாகை சூடிய அணியில் அவர் இருந்திருக்கிறார்.

எனக்கு "விடு, அவன் போடட்டும்" என்ற குரல் கேட்டபோதெல்லாம் நான் மூலையில் மரமாக நின்றேன், அல்லது ரோஷத்தில் எறிந்தேன். ஸ்கிரீன் வைக்க ஓடியதாக நினைவே இல்லை.

மூலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்.பி.ஏ. ஆடுகளத்தில் மூன்று புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர், மூலையில் 6.7 மீட்டர் மட்டுமே. சான் அன்டோனியோ அணியின் தடுப்பாட்டக்காரர் புரூஸ் போவன் அந்த மூலையையே தன் வீடாக்கிக்கொண்டார். 2002-03 பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 44 எடுத்து என்.பி.ஏ.விலேயே முதலிடம் பெற்றார். அதே பருவத்தில் ஃப்ரீ த்ரோவில் அவர் எடுத்தது நூற்றுக்கு 40! அருகிலிருந்து தவறவிட்டதைத் தொலைவிலிருந்து போட்ட மனிதர். என் ஒரு பாகைக் கணக்கு இவரிடம் தோற்றுப்போகிறது. பழக்கம் என்பது கோண அளவியில் அகப்படாது போலும். எல்லா இடத்திலிருந்தும் எறியக் கற்க ஆண்டுகள் ஆகும். ஒரே ஓர் இடத்திலிருந்து கற்க அவ்வளவு ஆகாது.

இனி நீங்கள் போட வேண்டிய கணக்கு. உங்கள் அணியில் ஒருவன் இருக்கிறான். அவன் ஆடும்போது எதிரணியின் ஒரு வாய்ப்பின் விலை 1.00-இலிருந்து 0.92 ஆகக் குறைகிறது. அவனுக்கு எறியத் தெரியாததால் உங்கள் அணியின் விலையும் 1.00-இலிருந்து 0.90 ஆகிவிடுகிறது. ஆட்டத்தில் இரு அணிக்கும் 60 வாய்ப்புகள். சொந்த அணி தவறவிட்ட பந்துகளில் மூன்றை அவன் மீட்டுத் தருகிறான், ஒவ்வொன்றும் ஒரு புள்ளி என்க, அந்த 0.90-இல் இவற்றைச் சேர்க்கவில்லை. அவனை ஆட விடுவீர்களா? மீட்பது மூன்று அல்ல, ஒன்றுதான் என்றால்?