பார்த்தீனியத்தால் வரும் தோல் அரிப்பு: தடுப்பதும் தணிப்பதும்

வரப்போரத்திலும் சாலையோரத்திலும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நிற்கும் பார்த்தீனியத்தை அறியாத விவசாயி இல்லை. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இக்களை, 1950களின் மத்தியில் பூனாப் பகுதியில் தென்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. பயிருக்கு இட்ட உரத்தையும் நீரையும் இது பறித்துக்கொள்வது யாவரும் அறிந்ததே. பிடுங்குகிறவரின் தோலையும் இது கெடுக்கும் என்பதைப் பலர் காலங்கடந்தே உணர்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி ஒன்றுக்கு வந்திருந்த மானாவாரி விவசாயி ஒருவர், கூட்டம் முடிந்ததும் தனியே வந்து கழுத்துத் துண்டை விலக்கிக் காட்டினார். கழுத்தும் முழங்கை மடிப்பும் கறுத்துத் தடித்து, சொறிந்த இடமெல்லாம் புண்ணாகியிருந்தது. “படர்தாமரைன்னு நெனச்சு மூணு வருசமா கடையில களிம்பு வாங்கிப் போடறேனுங்க ஐயா. போட்டா அமுங்குது, விட்டாத் திரும்ப வருது” என்றார். காட்டில் களை எடுப்பது யார் என்று கேட்டேன். “நாந்தானுங்க. பத்து வருசமா வெறுங்கையிலதான் பிடுங்கறேன். அப்பெல்லாம் ஒண்ணும் பண்ணலீங்களே?” என்றார். அவருடைய கேள்விக்கான விடையில்தான் இந்நோயின் தன்மை அடங்கியிருக்கிறது.

ஏன் வருகிறது?

பார்த்தீனியத்தின் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் மேலுள்ள நுண்ணிய உரோமங்களில் ‘பார்த்தீனின்’ என்னும் பொருள் இருக்கிறது. இது தோலில் திரும்பத் திரும்பப் படும்போது உடல் அதை எதிரியாகக் கருதப் பழகிக்கொள்கிறது. சிலருக்குச் சில மாதங்களிலும், சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இந்த ஒவ்வாமை தோன்றும். ஒருமுறை தோன்றிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். ஆகவே, ‘இதுவரை ஒன்றும் செய்யவில்லை’ என்பது இனியும் செய்யாது என்பதற்கு உறுதியன்று.

செடியைத் தொட்டால்தான் வரும் என்பதும் இல்லை. காய்ந்த செடியின் துகள்கள் காற்றில் பறந்து வந்து பட்டாலே போதும்.

எப்படி அறிவது?

செடி பட்ட ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அரிப்பும் சிவப்பும் தோன்றும். சிறு கொப்புளங்களும் வரலாம். முகம், கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு, புறங்கை போன்ற, துணி மூடாத இடங்களிலேயே முதலில் காணும். வெயில் பட்டால் சிலருக்கு அதிகமாகும். தொடக்கத்தில் மழைக்காலத்தில் வந்து, செடி குறைந்ததும் தணியும். கவனிக்காமல் விட்டால் ஆண்டு முழுவதும் நிற்கும். படர்தாமரையோ வட்டமாகப் பரவும். ஓரம் தடித்து, நடுப்பகுதி தெளிந்திருக்கும். பார்த்தீனிய அரிப்பு ஒட்டுவாரொட்டி நோயன்று. நோயுள்ளவரை வீட்டில் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

பட்டவுடன் செய்ய வேண்டியவை

1. தாமதியாமல் சோப்பும் நிறையத் தண்ணீரும் கொண்டு கழுவவும். கழுவாத கையால் கண்ணைத் தொடக்கூடாது.

2. வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றவும். அந்த உடையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். உடையைத் தனியே துவைக்கவும்.

3. அரிப்புள்ள இடத்தில், சுத்தமான குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியை 15 முதல் 20 நிமிடம் வைக்கவும். நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். புண்ணாகாத இடத்தில் காலமைன் லோஷன் தடவலாம்.

4. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளவும். சொறிந்தால் புண் சீழ் பிடிக்கும்.

அரிப்பு தணியாவிட்டால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. அரிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் தூக்கத்தை உண்டாக்கும். அவற்றை உட்கொண்டு டிராக்டர் ஓட்டுவதோ, மோட்டாரில் கை வைப்பதோ ஆபத்து. முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டாலும், சீழோ காய்ச்சலோ கண்டாலும், மூச்சுத் திணறினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும்.

செய்யக் கூடாதவை

கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் அரிப்பை அமுக்கிவிடும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும். உண்மையில் படர்தாமரையாக இருந்தால் அது மேலும் பரவும். இவற்றை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் போன்றவற்றைத் தடவுவது புண்ணை மிகுவிக்கும்.

வராமல் தடுக்க

மழை பெய்து மண் ஈரமாயிருக்கும்போது, பூப்பதற்கு முன்பே, செடியை வேரோடு பிடுங்குங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை தரும் ஆதலால், பூக்குமுன் எடுக்கும் ஒரு செடி அடுத்த பருவத்தின் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்து, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். கையுறை இல்லையேல் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம். காற்று முதுகுப்புறம் வீசுமாறு நின்று வேலை செய்யவும். பூக்காத செடியைக் கம்போஸ்ட் குழியில் இடலாம். காயவைத்துக் கொளுத்த வேண்டாம். துகளும் புகையும் ஊரெங்கும் பரவும்.

பயிரில்லாத தரிசிலும் பாதையோரத்திலும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்து, வெயில் நாளில் இளஞ்செடி நனையத் தெளிக்கலாம். விளைநிலத்தில் உப்பு கூடாது. புறம்போக்கில் ஆவாரை, தகரை, கொழிஞ்சி விதைகளைத் தூவினால் அவை வளர்ந்து பார்த்தீனியத்தை அடக்கும்.

ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது. சாமந்தியும் சூரியகாந்தியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை ஆதலால், அவையும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மேலே சொன்ன விவசாயியை அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பினோம். பார்த்தீனிய ஒவ்வாமை என உறுதியாயிற்று. சிகிச்சையில் புண் ஆறியது, ஒவ்வாமை போகவில்லை. இன்று களையெடுப்புக்குக் கூலி ஆள் வைக்கிறார். மூன்று ஏக்கர்க்காரருக்கு அது சிறு செலவன்று. கையுறையின் விலையோ மிகச் சிறிது. தமக்கு மட்டுமன்றி, தம் காட்டில் களையெடுக்க வரும் பெண்களுக்கும் கையுறையும் சோப்பும் கொடுத்து உதவுமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.