புல்லும் வௌவாலும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்வோரை மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுஞ்சரிவுகள் வரவேற்கின்றன. அச்சரிவுகளில் மூங்கில் புதர்கள் செழித்து நிற்கின்றன. அந்தி சாய்ந்ததும் மலையடிவாரத் தோப்புகளின் மேலே பழந்தின்னி வௌவால்கள் இரைதேடிப் பறக்கின்றன. ஓங்கி வளர்வதால் மூங்கிலை மரம் என்றும், பறப்பதால் வௌவாலைப் பறவை என்றும் கருதுவோர் உளர். இரண்டும் தோற்றம் தரும் மயக்கங்களே.

மூங்கில், நெல்லும் கரும்பும் அடங்கிய புல் குடும்பத்தைச் சார்ந்தது. மரத்தின் தண்டு ஆண்டுதோறும் பருக்கும். மூங்கிலோ முளைவிட்ட பருமனிலேயே உயர்ந்து நிற்கும். புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. அவ்வரையறை மூங்கிலுக்கு முற்றும் பொருந்துகிறது.

வௌவாலுக்கு இறகில்லை. நீண்ட விரல் எலும்புகளுக்கிடையே விரிந்த மெல்லிய தோலே அதன் சிறகு. அது குட்டி ஈன்று பாலூட்டுகிறது. பாலூட்டிகளுள் சிறகடித்துப் பறக்க வல்லது வௌவால் ஒன்றே.

வாழ்முறையிலும் இவ்விரண்டும் வேறுபடுகின்றன. முள்மூங்கில் பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒருமுறை பூக்கும். ஏராளமான விதைகளை உதிர்த்துவிட்டு மடியும். பெரிய பழந்தின்னி வௌவால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆயினும் காட்டைக் காப்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. மூங்கிலின் வேர்த்தொகுதி மலைமண்ணை இறுகப் பற்றுகிறது. வௌவால் ஆல், அத்தி முதலியவற்றின் விதைகளைத் தொலைவிடங்களில் பரப்புகிறது.

இவற்றைப் பற்றிய மயக்கம் சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமாகக் கொண்டது. அதனால் தம் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துச் செல்லவும் உழவர் பல இடங்களில் அனுமதி பெற வேண்டியிருந்தது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில், மரம் என்னும் வரையறையிலிருந்து 2017இல்தான் நீக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைத் தீங்குயிர்ப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் இருந்தவரை அவற்றைக் கொல்லத் தடை இல்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அப்பட்டியலையே அகற்றியது.

ஒரு பிழையைத் திருத்தத் தொண்ணூறு ஆண்டுகளும், மற்றொன்றைத் திருத்த ஐம்பது ஆண்டுகளும் தேவைப்பட்டன. ஓர் உயிரை எவ்வாறு வகைப்படுத்துகிறோமோ அவ்வாறே அதனை நடத்துகிறோம். ஆகவே, சரியாகப் பெயரிடுதல் அறிவு மட்டுமன்று, அறமும் ஆகும்.

கற்பவை கற்றபின்...
உங்கள் ஊரில் தோற்றத்தால் தவறாக வகைப்படுத்தப்படும் ஓர் உயிரினத்தைக் கண்டறிந்து, அதன் உண்மை இயல்பை வகுப்பறையில் விளக்குக.