இமயப் பாதையில் இலையுதிர்காலப் பறவைகள்: முக்கியக் குறிப்புகள்

• களம்: உத்தராகண்டின் சோப்தா – துங்கநாத் – சந்திரசிலா நடைபாதை. பஞ்ச கேதாரங்களில் துங்கநாத் ஒன்று. அருகே கேதார்நாத் வனவிலங்கு சரணாலயம் (1972). கஸ்தூரி மானுக்குப் பெயர்பெற்றது.

• செப்டம்பர் இறுதியில் பருவமழை விலகி வானம் தெளிகிறது. குஞ்சு பொரித்த பறவைகள் பனிக்கு முன்பே கீழிறங்கத் தொடங்குகின்றன. ஒரே மலையில் மேலிருந்து கீழே வருவது உயரம் சார்ந்த வலசை. நாடு கடந்து செல்வது நெடுந்தூர வலசை. இந்த வேறுபாடு பிடிபட்டால் மற்றவை எளிது.

• மோனால் (லோபோஃபோரஸ் இம்பெஜானஸ்): முதல் வகைக்குச் சிறந்த சான்று. கோடையில் மரக்கோட்டுக்கு மேலுள்ள புல்வெளி, குளிர்காலத்தில் கீழே காடு. விடியற்காலையில் வளைந்த அலகால் மண்ணைக் கிளறிக் கிழங்கும் புழுவும் தேடும். புல்வெளியில் புதிதாகக் கிளறிய குழிகள் தென்பட்டால் பறவை பக்கத்திலேயே இருக்கும். சேவலின் கழுத்தில் செம்பு நிறம், முதுகில் நீலமும் ஊதாவும். பறந்தால் முதுகின் கீழ்ப்பகுதியில் வெள்ளை பளிச்சிடும். பெட்டை பழுப்பு, தொண்டை வெள்ளை. இளஞ்சேவலும் பெட்டை போலவே இருக்கும் என்பதால், இப்பருவத்தில் பழுப்பாகத் தெரிவதையெல்லாம் பெட்டை என எழுதிவிடக் கூடாது.

• ‘இம்பெஜானஸ்’ பெயர்க் காரணம்: கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே.

• குழப்பும் வினா: மோனால் நேபாளத்தின் தேசியப் பறவை, உத்தராகண்டின் மாநிலப் பறவை. இமாச்சலத்திலும் அதுவே இருந்தது. 2007-இல் மேற்கத்திய டிராகோபான் (ஜுஜுராணா) அந்த இடத்துக்கு வந்தது.

• தாடிப் பாறு: முக்கிய உணவு எலும்பு. பெரிய எலும்பை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைக்கும். வயிற்று அமிலம் அதைக் கரைத்துவிடும். ஆப்பு வடிவ நீண்ட வால்தான் அடையாளம். வெயில் ஏறிச் சூடான காற்று எழும்பிய பிறகே நன்றாக வட்டமிடும். காலை பத்து மணிக்கு மேல் வானத்தைப் பாருங்கள்.

• வரித்தலை வாத்து: இமயத்தைக் கடக்கும் நெடுந்தூர வலசைப் பறவை. பதிவான உயரம் 7,290 மீட்டர். அதன் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது. காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் அதிகாலையிலும் இறக்கையடித்தே கடக்கிறது. லடாக்கின் சோ மோரிரியில் இனப்பெருக்கம். குளிர்காலத்தில் திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளம் வரை வரும்.

• காஷ்மீர் ஈப்பிடிப்பான்: வடமேற்கு இமயத்தில் கூடு; இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே கிளம்பி இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். உதகையிலும் நுவரெலியாவிலும் காணலாம். மலையிலிருந்து மலைக்கே போனாலும் இது நெடுந்தூர வலசைதான்.