மனைக்கு வேலி அமைத்தல்: அளவும் செலவும்

அரியூரிலும் அதனை அடுத்த வில்லியனூர்க் கொம்யூன் கிராமங்களிலும், தை அறுவடை முடிந்து கையில் சிறிது பணம் புரளும் காலத்தில் வேலி வேலை தொடங்குவது வழக்கம். மழையில் ஊறிய மண் இன்னும் இறுகாமலிருப்பதால் குழி தோண்டுவதும் எளிது. காலத்தைத் தேர்வதில் நம் குடியானவர்கள் தவறுவதில்லை. வேலையின் வரிசையில்தான் தவறு நேர்கிறது. முதலில் கல்லும் கம்பியும் வந்து இறங்குகின்றன. பிறகு கூலியாள் வருகிறார். எல்லை எது என்ற கேள்வி கடைசியில் எழுகிறது.

நமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன் தம்பி இருவரது மனைகளுக்கிடையே பழைய கிளுவை வேலி ஒன்று இருந்தது. அண்ணன் அதைப் பிடுங்கிவிட்டு அதே தடத்தில் கல்தூண்களை நட்டார். தம்பி மனுக் கொடுத்தார். அளந்து பார்த்தபோது, தூண்கள் தம்பியின் மனைக்குள் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றன. அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை. உயிர்வேலியில் பட்டுப்போன போத்துக்குப் பதில் புதுப் போத்து நடும்போதெல்லாம் வரிசை சிறிது நகர்ந்துவிடுகிறது. இருபது முப்பது ஆண்டுகளில் அது ஒரு முழமாகிவிடுகிறது. ஒன்பது தூண்களைப் பெயர்த்ததில் நான்கு முறிந்தன. கூலியும் இரட்டிப்பாயிற்று. அவ்வாண்டு நடந்த அண்ணன் மகளின் திருமணத்துக்குத் தம்பி வீட்டார் வரவில்லை.

ஆதலின் வேலிக்கு முதற்செலவு நில அளவுக்கான கட்டணமே. நமது பகுதி 1954 நவம்பர் 1-இல் இந்தியாவோடு இணைந்தது. எனினும் பிரெஞ்சுக்காரர் பழக்கிய ஹெக்டேர், ஆர், சென்டியார் என்னும் அளவுகள் இன்றும் பட்டாவில் நிற்கின்றன. ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர். ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். குழிக் கணக்கில் பேசி வாங்கிய மனையைப் பட்டாவின் கணக்கோடு ஒத்துப் பார்த்து, அண்டை வீட்டாரையும் உடன் வைத்துக்கொண்டு, நில அளவரைக் கொண்டு எல்லைக் கற்களைக் காட்டச் செய்தல் வேண்டும். பிறர் வேலி தம் நிலத்தில் நிற்பதைக் கண்டும் வாளாவிருப்போர்க்கு ஓர் எச்சரிக்கை: 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, எதிரிடையாக அனுபவிக்கப்படும் நிலத்தை மீட்கத் தனியார் வழக்கிடுவதற்குக் கெடு 12 ஆண்டுகள், அரசுக்கு 30 ஆண்டுகள்.

அடுத்தது அனுமதி. அரியூரைத் தாண்டியதும் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. அங்குள்ள உறவினர் சொல்லும் விதி இங்குச் செல்லாது. இங்கு 1973-ஆம் ஆண்டுப் புதுச்சேரிக் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும், 2012-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும் பார்க்கப்படவேண்டியவை. கம்பி வேலி வேறு, மதில் வேறு. மதில் எழுப்ப நினைப்பவர் வில்லியனூர்க் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே விடை பெறுவது நன்று. இந்தியத் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு (2016) பொதுவாகக் கூறும் உயரம், முன்தெருவின் நடுமட்டத்திலிருந்து 1.5 மீட்டர், மேற்பகுதி 0.9 மீட்டர் திறந்த அமைப்பாயின் 2.4 மீட்டர் வரை அனுமதிக்கலாம் என்கிறது. தெருமுனை மனையில் இருபுறமும் 10 மீட்டர் தூரத்துக்குச் சுவர் 0.75 மீட்டரோடு நிற்கவேண்டும். திருப்பத்தில் வரும் வண்டி கண்ணுக்குத் தெரியவேண்டுமல்லவா? விழுப்புரம் நெடுஞ்சாலையை ஒட்டிய மனைக்காரர்கள் சாலைக்குரிய நிலத்தின் எல்லையையும் தனியே கேட்டறிய வேண்டும்.

இனிக் கணக்கு. பக்கம் 20 மீட்டர் கொண்ட 4 ஆர் மனையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 80 மீட்டர். டிராக்டர் நுழைய முன்புறத்தின் நடுவில் 3 மீட்டர் வாயில் விட்டால் வேலி 77 மீட்டர். தூணுக்குத் தூண் 2.5 மீட்டர் எனக் கொண்டு, 77-ஐ வகுத்து 31 தூண் போதுமென்று கூறிவிடுகிறார்கள். அது தவறு. மூன்று பக்கங்களில் பக்கத்துக்கு 8 இடைவெளி. முன்புறம் வாயிலின் இருபுறமும் 8.5 மீட்டர், அதற்குத் தலா 4 இடைவெளி. ஆக 32 இடைவெளி, 33 தூண். நான்கு மூலைகளுக்கு இரண்டிரண்டும், வாயில் தூண்களுக்கு ஒவ்வொன்றுமாக முட்டுக்கல் 10. மொத்தம் 43 கல். முட்டுக்கல்லை மிச்சப்படுத்தியவர் வேலி, கம்பியை இழுத்துக் கட்டிய மறுவருடமே மூலையில் சாய்வதைப் பலமுறை கண்டிருக்கிறோம். தூண் 2 மீட்டர். அதில் 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள். ஐந்து வரிக் கம்பிக்கு 385 மீட்டர். சுற்றிக் கட்ட இருபது மீட்டர் கூடுதல். முள்கம்பி எடைக்கு விற்கப்படுவதால், கிலோவுக்கு எத்தனை மீட்டர் என்று கேட்காமல் விலை பேசுவதில் பயனில்லை. மெல்லிய கம்பி அதிக நீளம் வரும், விரைவில் துருப்பிடிக்கும். குழந்தைகள் நடமாடும் தெருப்பக்கம் முள்கம்பியை விடுத்து வலைக்கம்பி போடலாம். பொது எல்லையில் அண்டை வீட்டார் இசைந்தால் அப்பக்கத்துச் செலவு பாதியாகும். இசைவை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுக.

பணம் போதாதவர் உயிர்வேலியை இழிவாக எண்ண வேண்டியதில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரி நகரைச் சூழ முட்செடிகளாலான அகன்ற வேலியையே அரணாக வளர்த்தனர். சாலைகள் அதைக் கடக்கும் இடங்களில் காவலரண்கள் இருந்தன, வில்லியனூர்ச் சாலையிலும் ஒன்று. 1760-இல் முற்றுகையிட்ட ஆங்கிலப் படை அந்த வேலியைக் கைப்பற்றிய பின்னரே நகரை நெருக்க முடிந்தது. நமக்குக் கிளுவைப் போத்தும், ஆடு தொடாத ஆடாதொடையும் நொச்சியும் போதும். ஐப்பசி மழைக்கு முன் நட்டால் பிழைக்கும். அடர்ந்து வர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். எல்லையிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடவேண்டும். வேலிக்காத்தானை மட்டும் நடவேண்டா. 1870-களில் சென்னை மாகாணத்துக்குக் கொணரப்பட்ட அச்சீமைக் கருவேல் இன்று வேலியை விட்டு ஏரிக்குள் இறங்கிவிட்டது.

வாய்க்காலின் குறுக்கே வேலி போடுவோர், தண்ணீர் போக வழி விட்டாலும், தூர் வாரும் ஆள் நடக்கக் கரையில் வழி விடுவதில்லை, அதையும் விடவேண்டும். வேலிக் கம்பியை மின்கம்பத்திலோ அதன் இழுகம்பியிலோ கட்டலாகாது. பன்றிக்கு அஞ்சி வீட்டு மின்சாரத்தை வேலியில் பாய்ச்சுவது சட்ட விரோதம். அதில் ஆள் இறந்தால் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நில அளவர் தந்த வரைபடத்தின் நகல் ஒன்றை அண்டை வீட்டாரிடமும் கொடுத்துவைத்து, தூண் குழிக்குக் கயிறு பிடிக்கும் அன்று அவரையும் அழைத்துக்கொள்க.